ஸ்டீல் ஷாஃப்ட் மாட்டும்போது செய்யும் தவறுகள்

ஆர்.சி. கிராலரில் (பாறையில் ஊர்ந்து ஏறும் ரிமோட் வண்டி) கியர் பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் டிரைவ் ஷாஃப்ட் ஒருமுறை முறுக்கிக்கொண்டு பிய்ந்துவிட்டால், மறுநாளே ஸ்டீல் ஷாஃப்ட் வாங்கத் தோன்றும். வாங்கலாம். ஆனால் பழையது ஏன் உடைந்தது என்று பார்க்காமல் வாங்கினால், அடுத்து வேறொன்று உடையும்.

பலரும் சறுக்குவது நீளத்தில்தான். வண்டியை மேசைமேல் நிறுத்தி, பழைய ஷாஃப்டை அளந்து, அதே அளவில் வாங்கிவிடுகிறார்கள். பாறையில் ஆக்சில் ஓரிடத்தில் நிற்குமா? ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஆக்சிலை முழுவதும் மேலே தள்ளி ஒருமுறை, முழுவதும் தொங்கவிட்டு ஒருமுறை, ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். மிகவும் சுருங்கிய நிலையிலும் இரண்டு மூன்று மி.மீ. இடைவெளி மிஞ்ச வேண்டும். மிகவும் நீண்ட நிலையிலும் ஸ்பிளைன் (ஷாஃப்டின் இரு பாதிகளும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் வரிப்பல் பகுதி) ஒரு சென்டிமீட்டராவது உள்ளே பிடித்திருக்க வேண்டும். என் முதல் ஸ்டீல் ஷாஃப்ட் 4 மி.மீ. கூடிப்போயிருந்தது. பிளாஸ்டிக் என்றால் வளைந்து காட்டிக்கொடுத்திருக்கும். ஸ்டீல் வளையவில்லை; கியர் பாக்ஸ் பேரிங்கை இடித்தே தீர்த்துவிட்டது.

அடுத்தது, எளிதில் கண்ணில் படாத தவறு. ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள யோக்குகள் (கவை வடிவ முனைகள்) ஒரே தளத்தில் இருக்க வேண்டும். லாரி மெக்கானிக்குகள் ஷாஃப்டைக் கழற்றும் முன் குறி போட்டுவைப்பது இதற்காகத்தான். யோக் சேரும் யுனிவர்சல் ஜாயின்ட் (மடங்கியபடியே சுழலும் இணைப்பு) 30 பாகை மடங்கிச் சுழலும்போது, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் சுமார் 13 சதவீதம் குறைந்து, 15 சதவீதம் கூடும். மறுமுனை ஜாயின்டும் அதே அளவு மடங்கியிருந்தால் இந்த ஏற்ற இறக்கம் சமனாகிவிடும். ஒரு யோக் மட்டும் கால் சுற்று திரும்பி மாட்டியிருந்தால் இன்னும் மோசமாகும். வண்டி திக்கித் திக்கி ஏறினால், மோட்டாரைக் குறை சொல்லும் முன் இதைப் பாருங்கள்.

யோக்கை இறுக்கும் கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சிறு திருகு) ஷாஃப்டின் தட்டையான பகுதியில் உட்கார வேண்டும். எண்ணெயைத் துடைத்துவிட்டு, நீல நிறத் திரெட் லாக் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு போதும். அது பட்டால் சில பிளாஸ்டிக்குகள் விரிசல் விடும். ஸ்பிளைனில் கிரீஸை அப்ப வேண்டாம், மணலோடு சேர்ந்து அரைத்துவிடும்.

டிராக்சஸ் டிஆர்எக்ஸ்-4 போன்ற போர்ட்டல் ஆக்சில் வண்டிகளில் சக்கரத்தருகே இன்னொரு கியர் குறைப்பு இருப்பதால், ஷாஃப்டுக்கு வரும் முறுக்கு விசை குறைவு. அங்கே அவசரமே இல்லை. மற்ற வண்டிகளில், உடையாத ஷாஃப்ட் அந்தச் சுமையை ஆக்சில் கியருக்குத் தள்ளிவிடும். பிளாஸ்டிக் ஷாஃப்டை மாற்ற ஐந்து நிமிடம். ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலை மாற்ற ஒரு மாலை முழுக்கப் போய்விடும். ஏற்றத்தில் எடை பின்னால் சாய்வதால், நான் பின்னால் மட்டும் ஸ்டீல் போட்டிருக்கிறேன். முன்னால் இன்னும் பிளாஸ்டிக்தான், பெட்டியில் இரண்டு உபரியோடு.