சுருக்கத்துக்குக் கிரீமா, ஊசியா? பணம் கொடுப்பதற்கு முன் கண்ணாடி முன்னால் நில்லுங்கள்

என் நாத்தனார் தீபாவளிக்கு முன்னால் ஒரு சீரம் வாங்கினார். முப்பது மில்லி புட்டி, விலை மூவாயிரத்துக்கு மேல், அட்டையில் ஊசி இல்லாமலே போடாக்ஸ் பலன் என்று போட்டிருந்தது. பொங்கல் வரைக்கும் ஒரு நாள்கூட விடாமல் தடவினார். புருவங்களுக்கு நடுவில் இருந்த இரண்டு கோடுகளும் அப்படியே இருந்தன. கிரீம் எதைச் செய்யும், எதைச் செய்யவே செய்யாது என்று வாங்கும்போதே யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, உங்கள் முகத்தில் இருப்பது எந்த வகைச் சுருக்கம் என்று பார்ப்பது. காலையில் முகம் கழுவித் துடைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியைப் பிடித்து, எந்த முகபாவமும் இல்லாமல் ஒரு நிமிடம் பாருங்கள். பிறகு புருவத்தை நெரியுங்கள், மேலே தூக்குங்கள், நன்றாகச் சிரியுங்கள். அசைக்கும்போது மட்டும் வந்து, முகத்தைத் தளர்த்தியதும் மறைகிற கோடுகள் தசை இழுப்பதால் வருபவை. அசைக்காமலே கண்ணுக்குக் கீழேயும் கன்னத்திலும் மெல்லிய வலை மாதிரி தெரிந்தால் அது பெரும்பாலும் வெயிலும் வறட்சியும் செய்த வேலை. மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை இறங்கும் மடிப்பு வேறு கதை, அங்கே கன்னத்தின் சதை குறைந்து தோல் தொய்ந்திருக்கும்.

தசைக் கோடுகளுக்குக் கிரீம் ஈடாகாது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போடாக்ஸ் என்பது ஒரு பாக்டீரியா உண்டாக்கும் நச்சுப் புரதம். அதை மிக மிகக் குறைந்த அளவில் தசைக்குள் செலுத்தும்போது, சுருங்கு என்று தசைக்குச் சொல்கிற அசிட்டைல்கோலின் நரம்பு முனையிலிருந்து வெளியே வராமல் அது தடுக்கிறது. தசை ஓய்கிறது, மேலே இருக்கும் தோல் மடிவதில்லை. ஆனால் அந்தப் புரதத்தின் எடை சுமார் 1,50,000 டால்டன் (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு). நம் மேல்தோலைத் தாண்டி உள்ளே போக ஒரு மூலக்கூறு ஏறக்குறைய 500 டால்டனுக்குள் இருக்க வேண்டும் என்பது தோல் மருத்துவத்தில் பொதுவான கணக்கு. அமெரிக்காவில் ரெவான்ஸ் என்ற நிறுவனம் இதே வகை மருந்தைத் தடவும் ஜெல்லாகக் கொண்டுவரப் பல வருடம் உழைத்து, கடைசிக் கட்டப் பரிசோதனையில் பலன் தெரியாததால் 2016-இல் கைவிட்டது, பிறகு ஊசியாகத்தான் 2022-இல் அனுமதி வாங்கியது. சீரங்களில் வருகிற ஆர்கிரெலின் போன்ற பெப்டைடுகள், அதாவது குட்டிப் புரதத் துண்டுகள், போடாக்ஸைவிட ரொம்பச் சின்னவைதான், ஆனாலும் அந்த 500-ஐத் தாண்டியவை. தோலுக்குள் கொஞ்சம் நுழைந்தாலும் அடியில் இருக்கும் தசை வரை போய்ச் சேர்வது கடினம்.

சரி, அப்படியென்றால் கிரீம் எல்லாமே வீணா? இல்லவே இல்லை. வெயில் செய்த சேதத்தில் ஊசியால் முடியாததைக் கிரீம் செய்யும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் சன்ஸ்கிரீன். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் நாம்போர் ஊரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரை நாலரை வருடம் கவனித்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. தினமும் தடவியவர்களின் தோலில் முதுமை அடையாளம், விருப்பப்பட்டபோது மட்டும் தடவியவர்களைவிட 24 சதவீதம் குறைவு. நம் ஊர் வெயிலுக்கு எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல் வாங்குங்கள், ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளவாக்கில் ஒவ்வொரு கோடு பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும், வெளியிலேயே வேலை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி.

அடுத்தது ட்ரெட்டினாயின். தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் உருவாகத் தூண்டும் மருந்து இது, மெல்லிய கோடுகளுக்காக அமெரிக்காவில் 1995-லேயே அனுமதி பெற்றது. இங்கே மருத்துவர் சீட்டோடு வாங்க வேண்டியது. கடையில் நேரடியாகக் கிடைக்கிற ரெட்டினால் அதே குடும்பம்தான், ஆனால் தோலுக்குள் போய் மாற வேண்டியிருப்பதால் வேகம் குறைவு. இரவில், ஈரம் காய்ந்த முகத்தில், முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். முதலில் வாரத்துக்கு இரண்டு இரவு, தோல் தாங்கினால் மெல்ல மெல்லக் கூட்டுங்கள், மேலே ஒரு மாய்ஸ்சரைசர். உரிவதும் சிவப்பதும் ஆரம்பத்தில் வரும். அவசரப்பட்டு அள்ளிப் பூசினால் நம் மாதிரி மாநிறத் தோலில் எரிச்சல் ஆறிய இடமெல்லாம் கருந்திட்டாக நின்றுவிடும், அது போக மாதக்கணக்கில் ஆகும். பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் தொடவே கூடாது.

மெடிக்கல் ஷாப்பில் ட்ரெட்டினாயின் என்று கேட்டால், நிறத்தை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுயினோனும் மொமெட்டசோனும் கூடக் கலந்த டியூபைக் கையில் கொடுத்துவிடுவதும் நடக்கிறது. மொமெட்டசோன் ஸ்டீராய்டு. முதல் சில வாரம் முகம் பளபளக்கும், மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து ரத்தக்குழாய் தெரியும், நிறுத்தினால் எரியும். டியூபில் என்னென்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள், தயவுசெய்து.

வெறும் மாய்ஸ்சரைசரும் ஹயலூரானிக் சீரமும் தோலுக்கு நீர் பிடித்து வைத்து அன்றைக்கு மட்டும் கோட்டை மங்கலாக்கும். விசேஷத்துக்குப் போகும் நாளுக்கு நல்லது, அவ்வளவுதான்.

ஊசிதான் வேண்டும் என்று முடிவெடுத்தால் பியூட்டி பார்லர் பக்கம் போகாதீர்கள், தோல் மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்தவரிடம் போங்கள். மருந்தின் பெயர் என்ன, எத்தனை யூனிட் என்று கேளுங்கள். புருவ நடுக் கோட்டுக்குப் போடாக்ஸின் வழக்கமான அளவு ஐந்து இடங்களில் சேர்த்து 20 யூனிட். மருந்துக்கு மருந்து யூனிட் கணக்கு வேறு என்பதால் யூனிட் விலையை மட்டும் வைத்து இரண்டு கிளினிக்கை ஒப்பிட முடியாது. சில நாளில் மாற்றம் தெரிய ஆரம்பித்து, இரண்டு வாரத்தில் முழுதாகத் தெரியும், மூன்று நான்கு மாதத்தில் தேய்ந்துவிடும், ஆக வருடத்துக்கு மூன்று முறை என்று செலவைப் போட்டுப் பாருங்கள். அன்றைக்கு அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். அரிதாக இமை தொங்கலாம், பெரும்பாலும் சில வாரத்தில் சரியாகிவிடும். மயஸ்தீனியா போன்ற நரம்பு–தசை நோய் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள் வேண்டாம்.

வாயோர மடிப்புக்குப் போடுவது ஃபில்லர், தோலுக்கு அடியில் ஜெல்லைச் செலுத்திப் பள்ளத்தை நிரப்பும் ஊசி. அது தவறி ரத்தக்குழாயில் இறங்கினால் தோல் கருகலாம், அரிதாகப் பார்வையே போகலாம். ஹயலூரானிக் வகையைக் கரைக்கிற ஹயலூரானிடேஸ் மருந்து கையிருப்பில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள், இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

எதை ஆரம்பித்தாலும் முதல் நாளே அதே ஜன்னல் ஓரத்தில் இரண்டு படம் எடுத்து வையுங்கள், ஒன்று முகம் தளர்ந்து, ஒன்று புருவம் நெரித்து. மாதம் ஒருமுறை அதே நேரத்தில் மறுபடி எடுங்கள். நாத்தனார் இப்போது சீரத்தை நிறுத்திவிட்டு சன்ஸ்கிரீன் போடுகிறார். அவருடைய முதல் இரண்டு படமும் என் போனில்தான் இருக்கின்றன.