ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறதா? கண்டன்சரை நீங்களே மாற்றலாம்

போன மே மாதம் மதுரைக்குப் போனபோது, பையைக் கீழே வைப்பதற்குள் அம்மா ஃபேனைப் பற்றித்தான் பேசினார். "காத்தே வர மாட்டேங்குதுப்பா. அஞ்சுல வச்சாலும் ரெண்டுல வச்ச மாதிரிதான் சுத்துது. புதுசு ஒண்ணு வாங்கிப் போட்டுரு." அண்ணாந்து பார்த்தேன். சத்தம் இல்லை, ஆட்டமும் இல்லை. மூன்று இறக்கைகளையும் தனித்தனியாகக் கண்ணால் பின்தொடர முடிந்தது, அவ்வளவு மெதுவு. நூறு ரூபாய்க்குள் ஒரு கண்டன்சர் (கபாசிட்டர் என்றும் சொல்வார்கள், மோட்டாரைச் சுற்ற வைக்கும் சின்னப் பெட்டி) வாங்கி மாட்டியதும் பழைய வேகம் வந்துவிட்டது. வேலை நடந்தது அரை மணி நேரம்.

இதை எழுதக் காரணம், இந்த ஒரு பழுதுக்காகவே நல்ல ஃபேன்களைக் கழற்றி பழைய இரும்புக்குப் போடுகிறார்கள். ஒரு ஃபேனுக்காக எலக்ட்ரீஷியன் வர நான்கு நாள் ஆகிறது. அதுவரை வயதானவர்கள் வெக்கையில் புரண்டுகொண்டிருக்கிறார்கள். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த யாரும் இதைச் செய்யலாம். பொறுமை வேண்டும், கரண்ட் விஷயத்தில் பயமும் வேண்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். சுவரில் ரெகுலேட்டர் வைத்து ஓட்டும் சாதாரண ஃபேனுக்குத்தான் இந்த விளக்கம். ரிமோட்டோடு வரும் பி.எல்.டி.சி. ஃபேனுக்குள் இருப்பது எலக்ட்ரானிக் போர்டு. அதற்கு இது பொருந்தாது.

கண்டன்சர்தான் காரணமா?

கடைக்குப் போகும் முன் ஐந்து நிமிஷம் செலவழித்துப் பாருங்கள். வீட்டில் எல்லா ஃபேனும் மெதுவாகச் சுற்றினால் அது லோ வோல்டேஜ். ஒரு ஃபேன் மட்டும்தான் என்றால் ரெகுலேட்டரை ஐந்தில் வையுங்கள். இப்போது வரும் ஸ்டெப் ரெகுலேட்டர்களில் ஐந்து என்பது நேரடி இணைப்பு மாதிரி. ஐந்தில் நன்றாக ஓடி, கீழ் எண்களில் மட்டும் தகராறு செய்தால் ரெகுலேட்டரைத்தான் மாற்ற வேண்டும். ஐந்திலேயே மெதுவு என்றால் கோளாறு மேலே இருக்கிறது.

அடுத்து, ஃபேனை அணைத்துவிட்டு இறக்கையைக் கையால் மெல்லத் தள்ளிவிடுங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றி, தானாக மெல்ல நின்றால் பேரிங் நன்றாக இருக்கிறது. கரகரவென்று சத்தம் வந்தாலோ சட்டென்று நின்றாலோ பேரிங் போய்விட்டது. அது மோட்டாரைப் பிரிக்கும் வேலை, கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள்.

இன்னொரு அடையாளமும் உண்டு, இது கிட்டத்தட்ட தவறாது. ஸ்விட்சைப் போட்டதும் ஃபேன் 'உம்ம்' என்று முனகிக்கொண்டு அப்படியே நிற்கும். ஒரு மரக்குச்சியால் இறக்கையைத் தள்ளிவிட்டால், தள்ளிய பக்கமாகவே சுற்ற ஆரம்பிக்கும். இடது பக்கம் தள்ளினால் இடது, வலது பக்கம் தள்ளினால் வலது. இப்படிச் செய்தால் கண்டன்சர் முழுக்கச் செத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். கருகிய வாடை வந்தால் மட்டும் உடனே அணைத்துவிடுங்கள், அது மோட்டாருக்குள் இருக்கும் காயில், அதாவது கம்பிச் சுருள், கருகும் வாடை.

ஏன் இப்படி நடக்கிறது? ஃபேன் மோட்டாருக்குள் இரண்டு காயில்கள் உண்டு. வீட்டுக்கு வரும் சிங்கிள் பேஸ் கரண்ட் ஒரு காயிலில் மட்டும் போனால், காந்தப்புலம் முன்னும் பின்னுமாகத் துடிக்குமே தவிரச் சுழலாது. எந்தப் பக்கம் சுற்றுவது என்று மோட்டாருக்குத் தெரியாமல் போய்விடும். இரண்டாவது காயிலோடு கண்டன்சரைச் சேர்க்கும்போது அந்தக் காயிலில் ஓடும் கரண்ட் கொஞ்சம் முன்னே நகர்கிறது. இரண்டும் மாறி மாறி இழுப்பதால் புலம் சுழல்கிறது, ஃபேனும் சுற்றுகிறது. கண்டன்சருக்குள் இருப்பது மெல்லிய உலோகப் பூச்சுள்ள பிளாஸ்டிக் படலம். வோல்டேஜ் எகிறும் ஒவ்வொரு முறையும் அந்தப் பூச்சில் ஒரு புள்ளி எரிந்து, அந்த இடம் தானே அடைத்துக்கொள்ளும். அதனால் பெரும்பாலும் வெடிக்காது, ஆனால் கொள்ளளவு (கரண்டைத் தேக்கும் திறன்) கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். வெயில் காலத்தில் கூரைச் சூடும் சேர்ந்துகொள்கிறது. வேகம் ஒரே நாளில் போகாமல் மாதக்கணக்கில் குறைவதற்கு இதுதான் காரணம்.

கடையில் என்ன கேட்க வேண்டும்

பழைய கண்டன்சர் மேல் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். பெரும்பாலான வீட்டு ஃபேன்களில் கொள்ளளவு 2.5 மைக்ரோ ஃபாரட் இருக்கும், 2.25, 3.15 போட்ட ஃபேன்களும் உண்டு. எந்த எண் இருக்கிறதோ அதையே வாங்குங்கள். "பெருசு போட்டா இன்னும் வேகமா சுத்தும்" என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். காயில் சூடாகி ஃபேனின் ஆயுசு குறையும். வோல்டேஜ் 440 என்று இருக்க வேண்டும். வீட்டுக்கு வருவது 230தானே என்று தோன்றும். ஓடும்போது கண்டன்சரின் இரு முனைகளுக்கு இடையே அதைவிட அதிக வோல்டேஜ் உண்டாகும், அதனால்தான் இந்த அளவு. ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள், இதற்கென்று ஐ.எஸ். 1709 என்று தனித் தரமே இருக்கிறது.

இது தவிர டெஸ்டர், ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், இன்சுலேஷன் டேப், இரண்டு துணிக் கிளிப். நிற்பதற்கு ஆடாத மர ஸ்டூல் அல்லது மர ஏணி. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம். கால் வழுக்கும், நான்கு காலும் விரியும். அலுமினிய ஏணியும் இந்த வேலைக்கு ஆகாது.

கரண்டை நிறுத்துவது

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

அம்மா வீட்டில் நான் ஸ்விட்சை அணைத்தேன், மெயின் ஸ்விட்சான எம்.சி.பி.யையும் கீழே இறக்கினேன். மேலே ஏறி, மோட்டாருக்கு மேலே இருக்கும் கப்பைத் தளர்த்தி, வயரைத் தொடாமல் டெஸ்டர் முனையை மட்டும் வயர்கள் இணையும் கனெக்டரில் வைத்தேன். டெஸ்டருக்குள் சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டு காரணம். மெயினை இறக்கியதும் இன்வெர்ட்டர் கரண்ட் போய்விட்டதென்று நினைத்து, தன் பேட்டரியிலிருந்து அந்த ஃபேன் லைனுக்கு 230 வோல்ட் அனுப்ப ஆரம்பித்திருந்தது. சரி, ஸ்விட்ச்தான் அணைந்திருக்கிறதே? வயரிங் செய்தவர் ஸ்விட்சைப் பேஸில் (கரண்ட் வரும் வயரில்) போடாமல் நியூட்ரலில் (திரும்பிப் போகும் வயரில்) போட்டிருந்தார். ஸ்விட்சை அணைத்தால் ஃபேன் நிற்கும், ஆனால் வயரில் கரண்ட் அப்படியே இருக்கும். நேராகக் கையை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. எங்கள் தெருவில் முப்பது வருஷம் வயரிங் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் அடிக்கடி சொல்வார், "தம்பி, ஸ்விட்சை நம்பாதே. கை வைக்கிறதுக்கு முன்னாடி டெஸ்டரை வை." அந்தப் பழக்கம்தான் அன்று காப்பாற்றியது.

ஆகவே வரிசை இதுதான். டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள ஒரு பிளக்கில் வைத்து, விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். செத்த டெஸ்டரை நம்பி ஏறக் கூடாது. அப்புறம் ஃபேன் ஸ்விட்சை அணைத்து, இன்வெர்ட்டரை அதன் பட்டனிலேயே ஆஃப் செய்து, அதற்குப் பிறகு மெயினை இறக்குங்கள். வீடு மொத்தமும் இருட்டாக வேண்டும், ஒரு பல்ப்கூட எரியக் கூடாது. அதனால் பகலில் செய்யுங்கள். மெயின் பக்கத்தில் ஒருவரை நிற்க வையுங்கள், அல்லது பெட்டி மேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள். தெரியாமல் யாராவது மேலே தட்டிவிட்டால் போச்சு.

டெஸ்டர் பற்றி இன்னொன்று. காய்ந்த மர ஸ்டூல் மேல் நிற்கும்போது விளக்கு மங்கலாகத் தெரியலாம், தெரியாமலும் போகலாம். எரிந்தால் கரண்ட் இருக்கிறது என்பது நிச்சயம்; எரியாவிட்டால் இல்லை என்பது நிச்சயமில்லை. மெயினும் இன்வெர்ட்டரும் அணைந்திருப்பதுதான் உண்மையான பாதுகாப்பு.

ஏறி மாற்றுவது

கட்டில் மேல் செய்தித்தாள் விரித்து, இறக்கைகளை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வேலை முடியும்வரை தூசி கண்ணில் விழும்.

மோட்டாருக்கு மேலே ராடைச் சுற்றி ஒரு கப் இருக்கும். அதன் பக்கவாட்டு ஸ்க்ரூவைத் தளர்த்தினால் போதும், முழுக்கக் கழற்ற வேண்டாம். கப்பை ராடோடு மேலே தள்ளி, அதற்குக் கீழே ராடில் இரண்டு துணிக் கிளிப் மாட்டினால் கப் இறங்காமல் நிற்கும், இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். இப்போது கனெக்டரும் கண்டன்சரும் தெரியும். சில மாடல்களில் கண்டன்சர் கூரையை ஒட்டிய மேல் கப்பில் இருக்கும்.

அம்மா வீட்டில் அது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பெட்டி. ஒரு பக்கம் வயிறு உப்பி, ஓரத்தில் விரிசல் விட்டு, பழுப்பாக மெழுகு மாதிரி ஒன்று கசிந்து காய்ந்திருந்தது. எல்லாக் கண்டன்சரும் இப்படிக் காட்டிக்கொடுக்காது. வெளியே பளபளவென்று இருந்தும் கொள்ளளவு பாதியாகியிருக்கலாம். கொள்ளளவு அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால், கழற்றிய பிறகு பாருங்கள். நான் கழற்றியது 2.5க்கு 1.4தான் காட்டியது.

வயரைத் தொடும் முன் இரண்டு பக்கத்திலிருந்தும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வயர் நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், நிறத்தை மனதில் வைத்துப் பயனில்லை. கண்டன்சரில் மிச்ச சார்ஜ் இருக்கலாம் என்பதால், பிளாஸ்டிக் கைப்பிடி உள்ள ஸ்க்ரூ டிரைவரின் இரும்புப் பகுதியால் அதன் இரு முனைகளையும் ஒரே நேரத்தில் தொட்டு எடுத்துவிடுங்கள்.

இப்போது முக்கியமான இடம். பழைய கண்டன்சரின் இரண்டு வயரையும் ஒன்றாகக் கழற்றாதீர்கள். ஒன்றைக் கழற்றி, அதே இடத்தில் புதியதின் ஒரு வயரை மாட்டி, ஸ்க்ரூவை இறுக்கி, இழுத்துப் பாருங்கள். அப்புறம் இரண்டாவதைக் கழற்றுங்கள். கண்டன்சருக்கு பிளஸ், மைனஸ் கிடையாது, எந்த வயர் எந்த முனைக்கும் போகலாம். கனெக்டரில் பழையது மாட்டியிருந்த அதே இரண்டு இடங்களில் மாட்டினால் போதும். கனெக்டர் இல்லாமல் முறுக்கி இணைத்திருந்தால், ஒன்றரை சென்டிமீட்டர் தோலை உரித்து, கம்பிகளை இறுக்கமாக முறுக்கி, ஒவ்வொரு இணைப்பையும் தனித்தனியாக டேப்பால் மூன்று சுற்று சுற்றுங்கள். கம்பி நுனி ஒன்றுகூட வெளியே நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது.

கண்டன்சரை அதன் கிளிப்பில் பழையபடி உட்கார வைத்து, வயர்களை ராடை ஒட்டி ஒதுக்குங்கள். சீலிங் ஃபேனில் மோட்டாரின் வெளிக்கூடுதான் சுற்றும், நடுத்தண்டு நிற்கும். தொங்கும் வயர் சுற்றும் கூட்டில் உரசினால் சில நாளில் தோல் தேய்ந்துவிடும். கப்பை இறக்கும்போதும் மோட்டார் மேல் உட்கார வைக்காமல் சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஸ்க்ரூவை இறுக்குங்கள்.

இறங்கும் முன் ராடின் இரு முனையிலும் உள்ள போல்ட்டைப் பாருங்கள். நட்டு இறுக்கமாக இருக்கிறதா, அதன் வெளியே ஸ்ப்ளிட் பின் மாட்டி இரண்டு காலும் விரித்திருக்கிறதா? நட்டு கழன்றாலும் போல்ட் வெளியே வராமல் பிடித்திருப்பது அந்தச் சின்னக் கம்பிதான். கொக்கியில் மாட்டிய ரப்பர் புஷ்ஷையும் பாருங்கள். வெடித்திருந்தால் மாற்ற வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பது

ஸ்டூலை நகர்த்திவிட்டு மெயினைப் போடுங்கள், இன்வெர்ட்டரையும் ஆன் செய்யுங்கள், ஃபேனை நேராக ஐந்தில் விடுங்கள். கீழே நின்று பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்ற வேண்டும். வேகமாகச் சுற்றியும் காற்று கீழே வரவில்லை என்றால் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது, கண்டன்சர் வயர் இடம் மாறிவிட்டது. மறுபடி எல்லாவற்றையும் அணைத்து, படத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். 'உரக், உரக்' என்று சத்தம் வந்தால் கப் இடிக்கிறது. புதுக் கண்டன்சர் போட்டும் வேகம் வராவிட்டால் கோளாறு காயிலில் இருக்கலாம். அதற்குமேல் நீங்கள் நோண்ட வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கப்பை மூடுவதற்கு முன்பே ஒரு காரியம் செய்துவிடுங்கள். மார்க்கரால் புதிய கண்டன்சர் மேல் மாட்டிய மாதத்தையும் வருஷத்தையும் எழுதி வையுங்கள். அம்மா வீட்டு ஃபேனில் '5/2025' என்று எழுதியிருக்கிறேன். அடுத்த முறை யார் ஏறினாலும் அது எத்தனை வருஷம் உழைத்தது என்று பார்த்ததும் தெரியும்.