சர்க்குலர் வந்தாச்சு, பணம் தானாக வருமா, கேட்டால்தான் வருமா?

2025 தீபாவளி நேரத்தில் எங்கள் பட்டாளத்து நண்பர்களின் வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றியது. முன்னாள் ராணுவத்தினருக்கு இனி மாதம் 8,000 ரூபாய், ராஜ்நாத் சிங் ஒப்புதல் என்று. பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர், நல்ல பென்ஷன் வாங்குகிறவர், நவம்பர் முதல் தேதியிலிருந்து தினமும் பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு பேங்குக்குப் போய் வரிசையில் நின்றார். செய்தி பொய்யில்லை. ஆனால் அது அவருக்கான செய்தி இல்லை. பென்ஷன் இல்லாத, நிலையான வருமானமும் இல்லாத, 65 வயது தாண்டிய முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் மத்திய சைனிக் போர்டு கொடுத்து வந்த மாத உதவி 4,000-லிருந்து 8,000 ஆனது. அவ்வளவுதான் விஷயம். இன்னொரு கூத்தும் உண்டு. அதே ஊரில், பென்ஷனுக்குத் தேவையான 15 வருட சர்வீஸை முடிக்காமல் திரும்பி வந்த ஒரு பெரியவர் இருக்கிறார், அவருக்குத்தான் இது பொருந்தும், ஆனால் அவரிடம் ஸ்மார்ட்போன் இல்லாததால் சேதி அவருக்குப் போகவே இல்லை.

அதனால் ஒரு அரசாணையோ சுற்றறிக்கையோ கையில் கிடைத்தால் அதை எப்படிப் படிப்பது, படித்ததும் என்ன செய்வது என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். முக்கியமான கேள்வி ஒன்றே ஒன்று: இந்தப் பணம் தானாக வருமா, மனு போட்டால்தான் வருமா? பாதிப் பேர் தானாக வருவதற்கு மனு எழுதி அலைகிறார்கள், மீதிப் பேர் கேட்டால் மட்டுமே கிடைப்பதற்கு வீட்டில் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள்.

முதலில் காகிதத்தின் மேல் பக்கத்தைப் பாருங்கள், யார் போட்டது என்று. பென்ஷன் சம்பந்தப்பட்ட கொள்கை முடிவு என்றால் பாதுகாப்பு அமைச்சகத்தின் முன்னாள் படைவீரர் நலத்துறை கடிதம் போடும். அதை எப்படிக் கணக்குப் போட்டுக் கொடுப்பது என்று பிரயாக்ராஜில் (நம் ஆட்களுக்கு அது இன்னும் அலகாபாத்தான்) இருக்கிற பிசிடிஏ பென்ஷன் அலுவலகம், அதாவது பாதுகாப்புத் துறையின் பென்ஷன் கணக்கு அலுவலகம், நம்பர் போட்ட சர்க்குலர் வெளியிடும். மருத்துவம் என்றால் இசிஹெச்எஸ் (முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டம்) தலைமையகம், நிதியுதவி, ஸ்காலர்ஷிப் என்றால் மத்திய சைனிக் போர்டு, மாநில அரசின் திட்டம் என்றால் நம் ஊர் முன்னாள் படைவீரர் நலத்துறை. டிவியில் 'அமைச்சரவை ஒப்புதல்' என்று ஓடுவது இதில் எதிலும் சேராது. ஓஆர்ஓபியின், அதாவது ஒரே ரேங்க், ஒரே அளவு சர்வீஸ் என்றால் எப்போது ரிட்டையர் ஆனாலும் ஒரே பென்ஷன் என்கிற திட்டத்தின், இரண்டாவது சுற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 டிசம்பர் 23-ல் அமைச்சரவை ஒப்புதல், 2023 ஜனவரி 4-ல் அமைச்சகத்தின் கடிதம், அப்புறம்தான் யாருக்கு எவ்வளவு பென்ஷன் என்ற அட்டவணைகளோடு பிசிடிஏவின் 666-ம் நம்பர் சர்க்குலர். நிலுவைத் தொகையை நான்கு அரையாண்டுத் தவணையாகத் தருவோம் என்று முதலில் சொன்னார்கள், பிறகு விஷயம் உச்ச நீதிமன்றம் போய், 2023 மார்ச்சில் கோர்ட்டே தேதி குறித்தது: குடும்பப் பென்ஷன்காரர்களுக்கும் வீரதீர விருது பெற்றவர்களுக்கும் ஏப்ரல் 30-க்குள், 70 வயது தாண்டியவர்களுக்கு ஜூன் 30-க்குள், மற்றவர்களுக்கு மூன்று தவணையாக 2024 பிப்ரவரி கடைசிக்குள். இத்தனை கட்டத்தில் எந்தக் கட்டத்துச் செய்தியை உங்களுக்கு யாரோ ஃபார்வர்ட் செய்தார்கள் என்று தெரியாமல் பேங்க் மேனேஜரிடம் சண்டை போட்டு என்ன பிரயோஜனம்? அவர் கையில் இதில் ஒன்றும் இல்லை, ஸ்பர்ஷ் என்கிற பாதுகாப்புத் துறையின் ஆன்லைன் பென்ஷன் தளத்துக்கு மாறியபின் பணம் நேராக அங்கிருந்து வருகிறது.

அடுத்து தேதி. ஆணையில் இரண்டு தேதிகள் இருக்கும், ஒன்று கையெழுத்தான தேதி, இன்னொன்று 'எப்போதிலிருந்து அமல்' என்பது. இரண்டாவதுதான் காசு. மேலே சொன்ன 2025 அறிவிப்பிலேயே பாருங்கள், உதவித்தொகை உயர்வு நவம்பர் 1 முதல் கொடுக்கப்படும் விண்ணப்பங்களுக்கு என்று இருக்கும், ஆனால் மகள் கல்யாண உதவி 50,000-லிருந்து 1 லட்சம் ஆனது மட்டும், ஆணை வந்த பிறகு நடக்கிற கல்யாணங்களுக்கு என்று தனியாகச் சொல்லியிருக்கும். ஆவணியில் கல்யாணத்தை முடித்துவிட்டு நவம்பரில் மனுவை மட்டும் கொடுத்து ஒரு லட்சம் கேட்டால் கிடைக்காது. ஒரே அறிவிப்பு, இரண்டு விதமான கணக்கு. இந்த வரிகளைத்தான் யூடியூப் தம்பிகள் வசதியாக விட்டுவிடுவார்கள்.

அப்புறம் 'யாருக்கு', அதைவிட முக்கியமாக 'யாருக்கு இல்லை'. ஓஆர்ஓபியில் 2014 ஜூலை 1 முதல் சொந்த விருப்பத்தில் முன்கூட்டியே வெளியே வந்தவர்களுக்கு இல்லை என்று ஒரு பத்தி இருக்கிறது, அட்டவணையைப் பார்த்துச் சந்தோஷப்படும் முன் அதைப் பாருங்கள். கல்யாண உதவி, படிப்பு உதவி எல்லாம் ஹவில்தார் ரேங்க் வரைக்கும்தான்.

சரி, தானாக வருபவை எவை? அகவிலை நிவாரணம், ஊதியக் குழு உயர்வு, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஓஆர்ஓபி. கடைசிச் சுற்று 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. இதற்கெல்லாம் மனு வேண்டாம், ஆனால் சரிபார்ப்பது உங்கள் வேலை. கடைசி ரேங்க், குரூப் (டிரேடை வைத்துப் பிரித்த சம்பளப் பிரிவு), தகுதியான சர்வீஸ் எத்தனை வருடம் எத்தனை மாதம், இந்த மூன்றையும் பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கிலிருந்து ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு அட்டவணையில் உங்கள் கட்டத்தைப் பாருங்கள். அதில் இருப்பதைவிட நீங்கள் ஏற்கெனவே அதிகம் வாங்கினால் குறைக்க மாட்டார்கள், பயப்பட வேண்டாம். அதைவிடக் குறைவாக வந்தால் பெரும்பாலும் குரூப்போ சர்வீஸோ தப்பாக ஏறியிருக்கும்.

தானாக வரும் என்று சொல்லிவிட்டு வராமல் போவதில் முதல் இடம் வயதுக்கான கூடுதல் பென்ஷனுக்கு. 80 ஆனால் அடிப்படைப் பென்ஷனில் 20 சதவீதம் கூடும், 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறு தொட்டால் முழுசாக இன்னொரு மடங்கு. குடும்பப் பென்ஷன் வாங்கும் அம்மாக்களுக்கும் இது உண்டு. ஆனால் பிறந்த தேதி பதிவில் இருந்தால்தானே கம்ப்யூட்டருக்கு 80 ஆனது தெரியும்? அந்தக் காலத்தில் கல்யாணமாகி வந்த பெண்ணின் பெயரை மட்டும் எழுதி, பிறந்த தேதியை விட்டுவிட்ட பிபிஓக்கள் (பென்ஷன் வழங்கும் ஆணைகள்) நிறைய. என் பெரியம்மாவுக்கு 83 வயது வரை இந்த 20 சதவீதம் வரவில்லை, விசாரித்தால் பிறந்த தேதிக் கட்டமே காலி. உங்கள் வீட்டில் வயதானவர்கள் குடும்பப் பென்ஷன் வாங்கினால், இந்தக் கட்டுரையைக்கூட அப்புறம் படிக்கலாம், முதலில் போய் அவர்களுடைய ஸ்பர்ஷ் கணக்கில் பிறந்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள்.

அங்கே போனதும் பெயரையும் பாருங்கள். இது நம் ஊருக்கே உரிய தலைவலி. நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். சேர்ந்த இடத்தில் கிளார்க் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி எழுதியிருப்பார், ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், பேன் கார்டில் இனிஷியல் விரிந்திருக்கும். மனைவி டிஸ்சார்ஜ் புக்கில் சரோஜா, ஆதாரில் சரோஜாம்மாள். நீங்கள் இருக்கும் வரை யாரும் கேட்க மாட்டார்கள், நீங்கள் போன மறுமாதம் அந்த 'ம்மாள்' இரண்டு பேராகத் தெரியும். இதைத் திருத்துவது ஸ்பர்ஷில் எழுத்தை மாற்றுவதோடு முடியாது, உங்கள் படைப்பிரிவின் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸ் ஏற்க வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர் என்றால் பெங்களூரு, இப்படி. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு டிஸ்சார்ஜ் புக், பிபிஓ, ஆதார் மூன்றின் ஒரிஜினலும் நகலும் கொண்டு போனால் எந்தப் படிவம், எந்த உறுதிமொழிப் பத்திரம் என்று சொல்லி, அவர்கள் வழியாகவே அனுப்பிவைப்பார்கள். வேறு ஊர் ரெக்கார்டு ஆபீசுக்கு நேரில் போய் நிற்க வேண்டியதில்லை.

கேட்டால்தான் வரும் என்கிற பட்டியல் இதைவிட நீளம். பிரதமர் ஸ்காலர்ஷிப் திட்டம், ஆண் பிள்ளைக்கு மாதம் 2,500, பெண் பிள்ளைக்கு 3,000. அதிகாரி ரேங்குக்குக் கீழ் இருந்தவர்களின் பிள்ளைகளுக்கும் விதவைகளுக்கும். என்ஜினியரிங், மருத்துவம் மாதிரித் தொழிற்படிப்பு, பிளஸ் டூவில் 60 சதவீதம், அதோடு முதல் வருடத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில்தான் ஊர் பாதி கோட்டை விடுகிறது. பையன் மூன்றாம் வருடம் போன பிறகு ஞாபகம் வந்து ஓடினால் நல அலுவலகத்தில் தலையைத்தான் ஆட்டுவார்கள். ஸ்காலர்ஷிப் தவறினாலும், ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டப்படிப்பு வரை இரண்டு பிள்ளைகளுக்குக் கிடைக்கும் படிப்பு உதவி இருக்கிறது, அது இப்போது மாதம் 2,000.

நம் மாநிலத்தில் தொழில் தொடங்க 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில் 1 கோடி வரை வங்கிக் கடனுக்கு 30 சதவீத மூலதன மானியமும் 3 சதவீத வட்டி மானியமும் தருகிறார்கள். கடன் கொடுப்பது பேங்க், எனவே திட்ட அறிக்கை ஒழுங்காக இருக்க வேண்டும். அதற்கு மேல் இதில் நான் பேசினால் தொழில் செய்பவர்கள் சிரிப்பார்கள்.

இசிஹெச்எஸ் அறிவிப்புகளில் மனதில் நிற்க வேண்டியது இரண்டு. ஒன்று, சார்ந்திருப்பவர் என்றால் வருமானம் மாதம் 9,000-மும் அதற்கான அகவிலைப்படியும் சேர்ந்த தொகைக்குள் இருக்க வேண்டும், மகனுக்கு 25 வயது, வேலை, கல்யாணம் இதில் எது முதலில் வருகிறதோ அதோடு கார்டு முடிந்தது. இரண்டு, நெஞ்சுவலி மாதிரி அவசரம் என்றால் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியாக இருந்தாலும் பக்கத்தில் இருப்பதில் சேர்த்துவிடுங்கள், ஆனால் 48 மணி நேரத்துக்குள் இசிஹெச்எஸ் பாலிகிளினிக்குக்குத் தகவல் போக வேண்டும். அந்த நேரத்தில் உங்களுக்குப் பேச்சு இருக்காது, ஆகவே பாலிகிளினிக் நம்பர் மனைவி, பிள்ளைகள் போனில் இருக்கட்டும்.

வாழ்நாள் சான்று பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டி வீட்டிலிருந்தே போடலாம், ஆனால் 'பணம் வழங்கும் அதிகாரி' என்ற இடத்தில் பழைய ஞாபகத்தில் பேங்க் பெயரைத் தட்டிவிடாதீர்கள், 'ஸ்பர்ஷ் - பிசிடிஏ பென்ஷன் அலகாபாத்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தப்பாகத் தட்டினால் சான்று எடுத்தது என்னவோ உண்மை, போய்ச் சேர்ந்தது வேறு இடம், அடுத்து பென்ஷன் நிற்கும். எல்லாரும் நவம்பர் என்பார்கள், உங்கள் கெடு எப்போது என்பதை ஸ்பர்ஷுக்குள் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு உதவுகிறேன் என்று போனில் ஓடிபி கேட்பவனும், ஏதோ ஆப்பை இறக்கச் சொல்லி லிங்க் அனுப்புபவனும் திருடன், அவன் ஜெய்ஹிந்த் சொல்லி ஆரம்பித்தாலும் சரி.

நாளிதழில் மாவட்டச் செய்திப் பக்கத்தின் ஓரத்தில் 'முன்னாள் படைவீரர்கள் சிறப்புக் குறைதீர்க்கும் நாள் கூட்டம்' என்று நாலு வரி வரும், கலெக்டர் தலைமையில். அதை விடாதீர்கள். மனுவை இரண்டு பிரதியாக, அடையாள அட்டை நகலோடு கொண்டுவரச் சொல்லியிருப்பார்கள். என்னைக் கேட்டால் மூன்றாகக் கொண்டு போங்கள், மூன்றாவதில் சீல் வாங்கி வீட்டுக்கு எடுத்து வாருங்கள். மனுவில் பட்டாளத்து வரலாறு முழுவதும் வேண்டாம். இன்ன தேதியிட்ட, இன்ன நம்பர் ஆணையின் இன்ன பத்திப்படி எனக்கு இவ்வளவு வர வேண்டும், வருவது இவ்வளவு, அரைப் பக்கம் போதும்.

அப்படியும் நகரவில்லையா? ஸ்பர்ஷிலேயே புகார் பதிந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அப்புறம் மத்திய அரசின் புகார் தளமான சிபிகிராம்ஸ், அதற்கும் மசியாவிட்டால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் 'இன்ன தேதியிட்ட என் மனு இப்போது யார் மேசையில் இருக்கிறது, என்ன நடவடிக்கை' என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். என் அனுபவத்தில், அந்தக் கேள்வி போன பிறகு பல நேரம் பதிலுக்கு முன்னால் வேலையே முடிந்துவிடும். கடைசி வாசல் ராணுவத் தீர்ப்பாயம், அதன் கிளை சென்னையிலேயே இருக்கிறது, டெல்லி போக வேண்டாம். ஆனால் பார்த்துக்கொள்ளலாம் என்று பத்து வருடம் தள்ளிப்போட்டுவிட்டுப் போகாதீர்கள். பென்ஷன் வழக்கு தாமதமானாலும் எடுப்பார்கள், நிலுவை மட்டும் பெரும்பாலும் வழக்குப் போட்ட தேதிக்கு முந்தைய 3 வருடத்தோடு நின்றுவிடும், 2008-ல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. பெரியம்மா விஷயத்தில் நாங்கள் சரியாக மூன்றாவது வருடத்தில் விழித்துக்கொண்டோம்.