பல நாட்டு ஆய்வாளர்களை ஒரே திரையில் கூட்டுவது எப்படி?

முதலில் நேரம். அழைப்பில் யுடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தோடு உள்ளூர் நேரங்களையும் எழுதுங்கள். ஜனவரியில் 13:00 யுடிசி என்றால் நியூயார்க்கில் காலை 8, லண்டனில் பகல் 1, டோக்கியோவில் இரவு 10. லாஸ் ஏஞ்சல்ஸில் அதிகாலை 5. ஒரே ஊர்க்காரர்கள் எப்போதும் தூக்கத்தைத் தொலைப்பது நியாயமில்லை. தொடர் கூட்டங்களில் நேரத்தைச் சுழற்றுங்கள். மார்ச்சில் கூடுதல் கவனம் வேண்டும்: அமெரிக்கா இரண்டாம் ஞாயிறும் ஐரோப்பா கடைசி ஞாயிறும் கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துகின்றன. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரங்களில்தான் ஆட்கள் ஒரு மணி நேரம் தவறி வருவார்கள்.

உரைகளைப் பதிவுசெய்து ஒரு வாரம் முன்பே அனுப்பிவிட்டால், நேரலை முழுவதும் விவாதத்துக்குக் கிடைக்கும். ஒருவருக்கு 3 நிமிடச் சுருக்கம், 12 நிமிடக் கேள்விகள். 90 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

ஒருவரே எல்லாம் பார்க்க முடியாது. தலைமைக்கு ஒருவர், சாட்டில் வரும் கேள்விகளைத் தொகுக்க ஒருவர், ஒலி, திரைப்பகிர்வுச் சிக்கலுக்கு ஒருவர்.

முந்தைய நாள் ஒவ்வொரு பேச்சாளருடனும் 10 நிமிட ஒத்திகை பாருங்கள். வரைபடத்தின் அச்சு எண்கள் மடிக்கணினித் திரையில் படிக்க முடிகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். எதிரொலி வந்தால், அது கேட்காதவர் பக்கம்தான் கோளாறு: பிறர் குரல் அவருடைய ஸ்பீக்கரிலிருந்து அவருடைய மைக்குக்குள்ளேயே திரும்பப் போகிறது. ஹெட்போன் மாட்டினால் தீரும். ஒரே அறையில் இரண்டு கணினி இருந்தால் ஒன்றின் மைக், ஸ்பீக்கர் இரண்டையும் அணைக்க வேண்டும்.

முதல் கேள்வியை இளம் ஆய்வாளருக்கே கொடுங்கள். மூத்தவர்கள் தொடங்கிவிட்டால் இளையவர்கள் வாய் திறக்கத் தயங்குவார்கள். வெளியிடாத தரவைக் காட்டுவோரிடம் கேட்காமல் பதிவுப் பொத்தானை அழுத்தாதீர்கள்.