கோணமலைக் கடலை நீர்வர்ணத்தில் தீட்டத் தொடங்குவோருக்கு

முதலில் தாளுக்குச் செலவழியுங்கள். வர்ணம் மலிவென்றாலும் சமாளிக்கலாம். சதுர மீட்டருக்கு 300 கிராம் நிறையுள்ள தாள் வேண்டும். சாதாரண வரைதல் கொப்பியின் தாள் ஈரம் பட்டதும் நெளியும், வர்ணம் பள்ளங்களில் தேங்கும். நான்கு ஓரங்களையும் மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டுங்கள். தூரிகை ஒன்று போதும்: 10ஆம் இலக்கம், உருண்டை முனை.

கரையோரக் கடலுக்குத் தாலோ நீலத்தில் (பச்சை சாய்ந்த அடர்நீலம்) துளி எலுமிச்சை மஞ்சள். கோணேசர் கோயில் நிற்கும் பாறைக்கு அல்ட்ராமரின் நீலமும் பேர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்தது. கறுப்பு வேண்டாம், பாறை உயிரற்றுப் போகும். நுரைக்கு வெள்ளை பூசாமல் தாளையே விட்டுவிடுங்கள்.

பலர் படத்தைக் கெடுப்பது இங்கேதான்: அரைகுறையாய்க் காய்ந்த இடத்தில் ஈரத் தூரிகை பட்டால் பூக்கோவாப் பூப்போலக் கறை விரியும். ஈர மினுக்கம் முற்றாக மறைந்து, தாள் தொட்டால் குளிராத நிலை வரும்வரை பொறுங்கள்.