"பணம் இருக்கே, ஏன் விட்டார்கள்?" - என்பிஏ ஃப்ரீ ஏஜென்சியைப் பார்ப்பதில் நாம் செய்யும் தவறுகள்

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1 அதிகாலை மூன்றரை மணிக்கு, அதாவது அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையில் ஜூன் 30 மாலை 6 மணிக்கு, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ஃப்ரீ ஏஜென்சி, அதாவது ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்கள் எந்த அணியோடும் பேசிச் சேரக்கூடிய காலம், திறக்கிறது. அடுத்த சில மணி நேரத்துக்குள் ரசிகர்களின் கோபமும் தொடங்கிவிடும். "இவ்வளவு நல்ல ஆட்டக்காரரைச் சும்மா விட்டுவிட்டார்களே", "காசுக்காக ஓடிவிட்டான்" என்று திட்டு விழும். அந்தக் கோபத்தில் பெரும்பகுதி தேவையில்லாதது என்பது என் உறுதியான எண்ணம். ஒரு ஆட்டக்காரரின் மதிப்பு எவ்வளவு என்று மட்டும் பார்க்கிறோம். அந்தத் தொகையை அந்த அணி எந்த விதியின் வழியாகக் கொடுக்க முடியும் என்று பார்ப்பதில்லை.

உரிமையாளர் நினைத்தால் கொடுத்திருக்கலாம் என்ற நினைப்பு

புரூஸ் பிரவுனை எடுத்துக்கொள்வோம். 2022 கோடையில் டென்வர் நகெட்ஸ் அவரை ஆண்டுக்குச் சுமார் 65 லட்சம் டாலருக்கு எடுத்தது. 2023 ஜூனில் டென்வர் தன் முதல் கோப்பையை வென்றபோது, பெஞ்சிலிருந்து வந்து அந்த அணியைத் தாங்கியவர்களில் அவர் முக்கியமானவர். சில வாரங்களில் இந்தியானா பேசர்ஸுக்குப் போனார், 2 ஆண்டுக்கு 4.5 கோடி டாலர். சாம்பியன் அணி அவரைக் கைவிட்டது என்றும், அவர் பணத்தைப் பார்த்துப் போனார் என்றும் இரண்டு பக்கமும் பேச்சு.

உண்மையில் டென்வர் அவருக்குக் கொடுக்க முடிந்தது ஆண்டுக்குச் சுமார் 78 லட்சம்தான். என்பிஏவின் சம்பள உச்சவரம்பை, அதாவது கேப்பை, டென்வர் ஏற்கெனவே தாண்டியிருந்தது. வரம்பைத் தாண்டிய அணி ஒருவருக்குப் பெரிய சம்பளம் தர வேண்டுமானால் அதற்கென விதிவிலக்கு வேண்டும். அவற்றில் பெரியது பேர்ட் உரிமை. 1980களில் லேரி பேர்ட் போன்ற சொந்த நட்சத்திரங்களை பாஸ்டன் இழந்துவிடக் கூடாது என்ற கவலையோடு சேர்ந்து வந்த பெயர் அது. ஃப்ரீ ஏஜென்டாக அணி மாறாமல் மூன்று பருவம் ஆடியிருந்தால், அந்த அணி கேப்பைப் பொருட்படுத்தாமல் அவருக்கு அதிகபட்சச் சம்பளம் வரை தரலாம். இரண்டு பருவம் என்றால் அதைவிடச் சிறிய உரிமை. பிரவுனைப் போல ஒரே பருவம் என்றால், முந்தைய சம்பளத்தில் 120 சதவீதம், அவ்வளவுதான். உரிமையாளர் எத்தனை பெரிய கோடீஸ்வரராக இருந்தாலும் அந்தக் கணக்கு மாறாது.

78 லட்சத்துக்கும் 2.2 கோடிக்கும் நடுவில் நின்ற ஒரு மனிதரை, அதுவும் லீக்கில் குறைந்த சம்பளத்தில் பல ஆண்டு ஓடியவரை, பேராசைக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இந்தக் கதையில் இன்னொரு தவறும் தெரியும். "இந்தியானா அவருக்கு அதிகமாகக் கொடுத்துவிட்டது" என்று அப்போது பலர் சொன்னார்கள். ஆட்டத்துக்கு மட்டும் பார்த்தால் அதிகம்தான். ஆனால் அணிகள் தங்களுக்குள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் டிரேடில் போகும் சம்பளமும் வரும் சம்பளமும் ஏறக்குறைய பொருந்த வேண்டும். 2024 ஜனவரியில் டொரண்டோவிலிருந்து பாஸ்கல் சியாக்கமை இந்தியானா வாங்கியபோது, பிரவுனின் அந்தப் பெரிய ஒப்பந்தம்தான் எடையைச் சமன் செய்தது. 2025இல் சியாக்கமோடு இந்தியானா இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டம் வரை போனது. சில ஒப்பந்தங்கள் ஆட்டக்காரருக்காக மட்டும் போடப்படுவதில்லை. அடுத்த டிரேடுக்கான சம்பளமாகவும் அவை அணியின் கையில் இருக்கின்றன.

"அவர் போனால் அந்தப் பணம் மிச்சம்"

இதுதான் மிகப் பரவலான தவறு. 2022இல் ஜேலன் பிரன்சன் டாலஸை விட்டு நியூயார்க் நிக்ஸுக்குப் போனார், 4 ஆண்டுக்கு 10.4 கோடி டாலர். டாலஸிடம் அவருடைய முழு பேர்ட் உரிமை இருந்தது. விரும்பியிருந்தால் நிக்ஸ் கொடுத்ததைவிட அதிகமாகவே கொடுத்திருக்கலாம். அவர் போனதும், "சரி, ஆண்டுக்கு இரண்டரை கோடி மிச்சம், வேறு பெரிய ஆளை எடுக்கலாம்" என்று டாலஸ் ரசிகர்கள் சிலர் தேற்றிக்கொண்டார்கள்.

ஒரு காசும் மிச்சமாகவில்லை. பிரன்சன் இல்லாமலேயே டாலஸ் கேப்பைத் தாண்டித்தான் இருந்தது. பேர்ட் உரிமை அந்த ஒருவருக்காக மட்டும் திறக்கும் வழி. அவர் போனதும் அந்த வழியும் மூடிவிட்டது. வெளியாள் ஒருவருக்குக் கொடுக்க டாலஸிடம் மிஞ்சியது, கேப்பை மிக அதிகமாகத் தாண்டியதற்காக லக்ஸுரி வரி கட்டும் அணிகளும் வெளியாளை எடுக்கப் பயன்படுத்தக்கூடிய சிறிய மிட்-லெவல் விதிவிலக்கு. அதில் ஜவேல் மெகீயை எடுத்தார்கள். ஓராண்டில் அவரையும் விடுவித்தார்கள். பிரன்சனோ நிக்ஸின் முகமாகிவிட்டார்.

அதனால் சொந்த ஆட்டக்காரரை விடும் அணியைப் பாராட்டுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். அவரைக் கழித்த பிறகு அந்த அணியின் மொத்தச் சம்பளம் கேப்புக்குக் கீழே வருகிறதா? வராவிட்டால் அது வெறும் இழப்பு. டிரேடில் அனுப்பி ஏதாவது வாங்கியிருக்க வேண்டும், அல்லது வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஒப்பந்தம் தாமதமானால் சண்டை என்று முடிவு கட்டுவது

2023 அக்டோபரில் பிலடெல்பியா, டைரீஸ் மேக்ஸிக்கு நீட்டிப்பு ஒப்பந்தம் போடவில்லை. அவரை மதிக்கவில்லை என்று செய்திகள் ஓடின. ஆனால் அது இரு தரப்பும் புரிந்து செய்த கணக்கு.

ஃப்ரீ ஏஜென்ட் ஆன சொந்த ஆட்டக்காரருக்கு, அவர் கையெழுத்திடும் வரை ஒரு தொகை அணியின் கணக்கில் ஏறி நிற்கும். அதை கேப் ஹோல்டு என்பார்கள். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போமே, அதேதான். ஆள் பிறகு வந்து உட்காரலாம், அதுவரை துண்டு பிடிக்கும் இடம் போதும். மேக்ஸியின் ஹோல்டு சுமார் 1.3 கோடி டாலர். முன்பே ஒப்பந்தம் போட்டிருந்தால் 2024-25க்கு 3.5 கோடி கணக்கில் ஏறியிருக்கும். நடுவில் இருந்த அந்த 2.2 கோடி இடத்தையும் சேர்த்துத்தான் 2024 ஜூலையில் பால் ஜார்ஜை 4 ஆண்டு, 21.2 கோடி டாலருக்கு வெளியிலிருந்து கொண்டுவர முடிந்தது. அதன் பிறகு பேர்ட் உரிமையில் மேக்ஸிக்கு 5 ஆண்டு, 20.4 கோடி. 2015இல் சான் அன்டோனியோ இதே போலக் காவை லெனர்டைக் காத்திருக்க வைத்து லமார்க்கஸ் ஆல்ட்ரிஜை எடுத்தது.

ஜார்ஜ் அங்கே போன பிறகு காயங்களால் அவதிப்பட்டது வேறு கதை. அணி எடுத்த வரிசை சரியானது. முதலில் வெளியாள், அப்புறம் சொந்த ஆள். அந்த வரிசைக்காக ஒரு பருவம் முழுக்கப் பழைய சின்னச் சம்பளத்தில் ஆடிய மேக்ஸிதான் காயம் பட்டிருந்தால் எல்லாவற்றையும் இழந்திருக்கக்கூடியவர். அவருடைய பொறுமையை யாரும் பெரிதாகப் பேசவில்லை என்பதில் எனக்கு வருத்தமே.

வரி கட்டினால் எல்லாம் நடக்கும் என்பது

முன்பு ஓரளவுக்கு நடந்தது. லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட 2023 தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு நடக்காது. 2025-26இல் கேப் 15.46 கோடி டாலர், லக்ஸுரி வரிக் கோடு 18.79 கோடி, அதற்கு மேலே ஏப்ரன் எனப்படும் இரண்டு கட்டுப்பாட்டுக் கோடுகள்: முதல் ஏப்ரன் 19.59 கோடி, இரண்டாம் ஏப்ரன் 20.78 கோடி. கடைசிக் கோட்டைத் தாண்டினால் வரி மட்டும் பிரச்சினை இல்லை, கையையும் கட்டிப்போடுகிறார்கள். மிட்-லெவல் விதிவிலக்கு கிடையாது. இரண்டு ஆட்டக்காரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு நட்சத்திரத்தை டிரேடில் வாங்க முடியாது. புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், ஏழு ஆண்டுக்கு அப்பால் உள்ள முதல் சுற்று வாய்ப்பும் முடக்கப்படும்.

பீனிக்ஸ் இதில் மாட்டியது. டுராண்ட், புக்கர், பீல் என்ற மூன்று நட்சத்திரங்களையும் சேர்த்துவிட்டு, மீதி இடங்களைப் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பள ஆட்டக்காரர்களால் நிரப்பியது. 2024இல் கோப்பைக்கான பிளேஆஃப் ஆட்டங்களின் முதல் சுற்றில் மினசோட்டாவிடம் நான்குக்குப் பூஜ்யம் என்று தோற்றது. அடுத்த பருவம் 36 வெற்றி, பிளேஆஃப் வாய்ப்பே இல்லை. 2024 சாம்பியனான பாஸ்டன்கூட, மறு ஆண்டு டேட்டம் காயமடைந்த பிறகு ஹாலிடேயையும் போர்சிங்கிஸையும் அனுப்பிவிட்டது. அதைக் கஞ்சத்தனம் என்று திட்டியவர்கள் இந்தக் கோடுகளைப் பார்க்கவில்லை.

மொத்தத் தொகையைப் பார்த்து மலைப்பது

ஒப்பந்தத்தின் மொத்தத்தைவிட, அது அந்த ஆண்டு கேப்பில் எத்தனை சதவீதம் என்பது முக்கியம். புதிய டிவி ஒப்பந்தத்தால் கேப் 2015-16இல் இருந்த 7 கோடியிலிருந்து அடுத்த ஆண்டே 9.41 கோடிக்குத் தாவியது. திடீரெனப் பல அணிகளிடம் இடம். டிமோஃபி மோஸ்காவ் என்ற ஆட்டக்காரருக்கு லேக்கர்ஸ் 6.4 கோடி கொடுத்ததும், 73 ஆட்டம் வென்ற கோல்டன் ஸ்டேட்டால் டுராண்டை எடுக்க முடிந்ததும் அதே கோடையில். கணுக்கால் காயங்களால் அந்த அணியின் ஸ்டீபன் கரி 2012இல் 4 ஆண்டு, 4.4 கோடிக்கே கையெழுத்திட்டிருந்ததும் அவர்களுக்கு உதவியது. இப்போது கேப் ஓராண்டில் 10 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்று விதி வந்துவிட்டது.

வெளியே அனுப்பிவிட்டால் கணக்கு தீர்ந்தது என்பது

2025 ஜூலையில் மில்வாக்கி, காயத்தில் இருந்த டேமியன் லில்லர்டை விடுவித்தது. அவருக்குத் தர வேண்டியிருந்த சுமார் 11.3 கோடி டாலரை ஸ்ட்ரெச் விதிப்படி ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்துக்கொண்டது. அதில் கிடைத்த இடத்தைக் கொண்டு மைல்ஸ் டர்னர் வந்தார். அந்தக் கோடைக்கு அது இடம் தந்தது, ஆனால் 2029-30 வரை ஒவ்வோர் ஆண்டும் சுமார் 2.25 கோடி, வேறு அணியில் ஆடும் ஒருவருக்காக மில்வாக்கியின் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். அடுத்த சில கோடைகளில் "மில்வாக்கி ஏன் யாரையும் எடுக்கவில்லை?" என்று கேட்கத் தோன்றினால், முதலில் அந்த 2.25 கோடியைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.