பழைய வீட்டைப் பழுது பார்க்காமல் உள்ளபடியே விற்க

ஓதம் ஏறிய சுவருக்கு மேல் வெள்ளையடித்து விற்க முயலாதீர்கள். ஒரே மழையில் கறை மறுபடி தெரியும், பேரமும் முறியும். அதைவிட, ஒரு சிவில் இன்ஜினியரிடம் பழுதுச் செலவுக்கு எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். கையில் கணக்கு இல்லையென்றால், 2 லட்சம் ரூபாய் வேலைக்கு வாங்குபவர் 5 லட்சம் குறைத்துக் கேட்பார்.

விலையை மனைக்குத் தனியாகவும் கட்டடத்துக்குத் தனியாகவும் போடுங்கள். மிகப் பழைய வீடு என்றால் மனை விலைதான் பேசும். கட்டடம் நலிந்திருந்தால் வாங்குபவருக்கு வங்கிக் கடன் குறைவாகக் கிடைக்கலாம், அதனால் ரொக்கமாகத் தரக்கூடியவரையும் பில்டரையும் முதலில் அணுகுங்கள்.

'உள்ளது உள்ளபடி' என்று ஒப்பந்தத்தில் எழுதினால் மட்டும் போதாது. 1882 சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆவது பிரிவின்படி, உங்களுக்குத் தெரிந்த, சாதாரணமாகப் பார்த்தால் புலப்படாத முக்கியக் குறையைச் சொல்லியே ஆக வேண்டும். கூரைக் கம்பி துருப்பிடித்தது, அஸ்திவாரம் இறங்கியது, கரையான் அரித்த உத்திரம் என ஒவ்வொன்றையும் பட்டியலிட்டு, வாங்குபவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

பழுதுக்கு வைத்திருந்த பணத்தில் பட்டா பெயர் மாற்றம், வில்லங்கச் சான்று, சொத்து வரி, மின் கட்டண பாக்கியை முதலில் முடியுங்கள். விரிசலைவிட, பாட்டனார் பெயரிலேயே கிடக்கும் பட்டாதான் விற்பனையை அதிகம் இழுத்தடிக்கும்.